பீன்ஸுக்குக் கார்த்திகைப் பட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

தாம்பரத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஆடிப்பெருக்கன்று எட்டுப் பைகளில் செடி பீன்ஸ் விதை ஊன்றியதையும், செடிகள் முழங்கால் உயரத்துக்கு இலை தழைத்து வந்ததையும், ஆவணிக் கடைசியில் கொத்துக் கொத்தாகப் பூத்த பூ ஒன்றுகூடக் காயாக நிற்காமல் உதிர்ந்துபோனதையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். தேமோர்க் கரைசல் தெளித்தீர்கள், பெருங்காயத் தண்ணீர் ஊற்றினீர்கள், மீன் அமிலமும் கொடுத்தீர்கள். இன்னும் எந்த உரம் குறைகிறது என்று கேட்கிறீர்கள். பீன்ஸ் மலைக்காய்தானே, சென்னைக்கு ஆகாது என்று விட்டுவிடலாமா என்பது உங்கள் கடைசி வரி.

விட வேண்டாம். நீங்கள் எந்த உரத்தையும் குறைக்கவில்லை. செடியை நன்றாகவே வளர்த்திருக்கிறீர்கள். மாதம்தான் பொருந்தவில்லை. இதே வருத்தம் மாடித்தோட்டம் போட்ட பலருக்கும் இருப்பதால், உங்களுக்குத் தனியாக எழுத வேண்டிய பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பூக்கள் ஏன் விழுந்தன என்று பார்ப்போம். உதிர்ந்த பூ ஒன்றைக் கையில் எடுத்துக் காம்பைக் கவனித்தால், கிழிந்தோ கடிபட்டோ இருக்காது. மூட்டில் சுத்தமாகக் கழன்றிருக்கும். பூச்சி செய்த வேலையன்று அது. கரு பிடிக்காத பூவைச் செடியே கழற்றி விட்டிருக்கிறது. பீன்ஸ் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. அதன் அடிப்பக்கத்து இரண்டு இதழ்கள் ஒட்டிச் சுருள் வடிவில் முறுக்கிக்கொண்டிருக்கும். மகரந்தப் பையும் சூல்முடியும் அந்தச் சுருளுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். பூ விரிவதற்கு முன்பே மகரந்தம் உள்ளே சிந்திவிடும். ஆகவே தேனீ வரவில்லை என்றோ, கையால் தொட்டு மகரந்தம் சேர்க்கவில்லை என்றோ நீங்கள் வருந்த வேண்டியதில்லை. உள்ளே சிந்திய மகரந்தம் உயிருள்ளதா என்பதுதான் கேள்வி.

அந்த மகரந்தம் உருவாவது பூ விரிவதற்குச் சுமார் பத்து நாள் முன்பு, மொட்டு கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பருவத்தில். அப்போது வெப்பம் அதிகமாக இருந்தால் மகரந்தம் மலடாகிவிடும். பகல் வெயில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே காய் பிடிப்பு குறையத் தொடங்கும். பகலைவிட இரவு வெப்பம்தான் பெரிய கேடு செய்கிறது. இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கினால் செடி சமாளித்துக்கொள்ளும். 25-க்கு மேலேயே நின்றுவிட்டால் முடியாது. சென்னையில் ஆகஸ்ட், செப்டம்பரில் பகல் 34, 35 டிகிரி. இரவிலும் பெரும்பாலும் 25-க்குக் கீழே இறங்காது. உங்கள் செடிகளில் மொட்டுக்குள் மகரந்தம் உருவானது அந்த இரவுகளில். பூ விழத் தொடங்கிய பிறகு தேமோரும் பெருங்காயமும் தெளித்து என்ன பயன்? சேதம் பத்து நாள் முன்பே நடந்து முடிந்துவிட்டது. நடந்து முடிந்ததை எந்தத் தெளிப்பாலும் திருப்ப முடியாது. அப்படியே ஓரிரு பூ தப்பிக் காயாகியிருந்தாலும், ஒன்றிரண்டு விதைகளோடு கொக்கியாக வளைந்துதான் வந்திருக்கும்.

பீன்ஸின் தாயகத்தைப் பார்த்தால் இது புரியும். மெக்சிகோவின் மேட்டு நிலங்களிலும் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளிலும் பழங்குடி மக்கள் தனித்தனியாகப் பயிராக்கிய செடி இது. பகலில் மிதமான வெயில், இரவில் நல்ல குளிர்ச்சி என்பதே அதன் பழக்கம். 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா போய், பிறகு நம் பக்கம் வந்து, நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தன் தாயகத்தின் தட்பவெப்பத்தைக் கண்டுகொண்டது. இன்றைக்கும் பல வீடுகளில் அதை ‘இங்கிலீஷ் காய்’ என்று ஒதுக்கி, திவசச் சமையலில் சேர்ப்பதில்லை. அவரையும் கொத்தவரையும் புடலையும் நம் மண்ணில் நெடுங்காலம் பழகியவை. பீன்ஸ் அப்படிப் பழகவில்லை.

நீங்கள் ஆடிப்பட்டம் பார்த்து விதைத்தது இயல்பானதுதான். கத்தரி, வெண்டை, அவரை எல்லாவற்றுக்கும் அது நல்ல பட்டம். ஆனால் அவரைக்கும் செடி பீன்ஸுக்கும் இடையில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் நாட்டுக் கொடி அவரை பகல் பொழுதின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. ஆடியில் ஊன்றினாலும் பொறுத்திருந்து, பகல் சுருங்கிய பிறகே பூவெடுக்கும். அதனால்தான் மார்கழி, தையில் பந்தல் நிறையக் காய்க்கிறது. செடி பீன்ஸ் அப்படிப் பொறுத்திருக்காது. எந்த மாதத்தில் ஊன்றினாலும் 35 முதல் 40 நாளில் பூத்துவிடும். அவரை தானே காலம் பார்த்துக்கொள்கிறது. பீன்ஸுக்கு நாம்தான் பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான். விதைக்க நல்ல நாள் எது என்று தேடாதீர்கள். பூக்க நல்ல நாள் எது என்று முதலில் தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வாருங்கள்.

எண்ணிப் பார்ப்போம். சென்னையில் இரவு நன்றாகக் குளிர்வது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரை. ஜனவரியில் பகல் 29, 30 டிகிரி, விடியற்காலை 20, 21. மலைக்காரர்களுக்கு அது குளிரே இல்லை என்றாலும் பீன்ஸ் பூவுக்கு அது போதும். மொட்டுக்குள் மகரந்தம் உருவாகத் தொடங்கும் 25-ஆம் நாளிலிருந்து, காய் பிடித்து முடியும் 55-ஆம் நாள் வரை அந்தக் குளிருக்குள் அடங்க வேண்டும். அப்படியானால் நவம்பர் 20-க்கும் டிசம்பர் 15-க்கும் இடையில் விதைக்க வேண்டும். அதாவது கார்த்திகை மாதம். கார்த்திகை 10 வாக்கில் நான்கு பைகள், இரண்டு வாரம் கழித்து மற்ற நான்கு பைகள் என்று பிரித்து ஊன்றுங்கள். மார்கழியில் பூக்கும், தையில் காய்க்கும்.

கோவை, திருச்சி, மதுரை வாசகர்கள் சற்று முன்னதாக, ஐப்பசிக் கடைசியிலேயே தொடங்கலாம். சமவெளிக்கு அக்டோபர், நவம்பர் என்றும், மலைக்கு பிப்ரவரி, மார்ச் என்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஊட்டிக்காரர்கள் டிசம்பர், ஜனவரியில் ஊன்றினால் உறைபனி செடியைக் கருக்கிவிடும். ஓசூர், பெங்களூர்க்காரர்களுக்குக் கடுங்கோடை தவிர மற்ற மாதங்கள் பெரும்பாலும் ஒத்துவரும்.

சமவெளியில் ஏன் கொடி பீன்ஸை விட்டுச் செடி பீன்ஸ் என்றும் சொல்லிவிடுகிறேன். கொடி வகை ஏறிக்கொண்டே போகும். காய்க்கத் தொடங்கவே கூடுதலாக ஓரிரு வாரம் எடுக்கும். பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்க்கும். கொடைக்கானலுக்கு அது லாபம். நமக்குக் குளிர் இருப்பதே ஏழெட்டு வாரம். அதற்குள் செடி பீன்ஸ் தன் வேலையை முடித்துவிடும். அதன் தண்டு ஓரளவு வளர்ந்ததும் நுனியிலேயே பூங்கொத்து வைத்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்குள் பெரும்பாலான காயையும் கொடுத்துவிடுகிறது. பந்தல் வேண்டாம், குச்சி வேண்டாம். பெரிய வயல்களில் ஒரே சமயத்தில் அறுக்க வசதியாக இருக்கும் இந்தக் குணம், நம் சிறிய குளிர்காலத்துக்கும் நன்றாகப் பொருந்துகிறது.

விதைக்கு வருவோம். சமையலுக்கு வாங்கிய ராஜ்மாவை ஊன்றாதீர்கள். அதுவும் இதே இனம்தான், முளைக்கவும் செய்யும். ஆனால் பருப்புக்காகத் தேர்ந்த வகை என்பதால் காயின் தோல் சீக்கிரமே நார் பிடித்துவிடும். பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா கோமல் பலருக்கும் தெரிந்த செடி வகை. தட்டையான பச்சைக் காய். அதே நிறுவனத்தின் அர்க்கா சுவிதா, அர்க்கா அர்ஜுன் இரண்டும் நாரில்லாத காய் தருபவை. இவற்றில் அர்க்கா அர்ஜுன் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும். வெள்ளை ஈ தொல்லை இருக்கும் சென்னை மாடிக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ஒய்.சி.டி. 1 வகையும் உண்டு. உறையில் விதை பொட்டலம் கட்டிய தேதியைப் பார்த்து, அந்த வருடத்து விதையாக வாங்குங்கள். பழைய பீன்ஸ் விதை முளைத்தாலும் வீரியம் இருக்காது.

நாரில்லாத காய் என்றேனே, அதற்கும் ஒருவருடைய உழைப்பு பின்னால் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை பீன்ஸ் என்றாலே நுனியைக் கிள்ளி, ஓரத்து நாரை நீளமாக உரித்துத்தான் சமைக்க வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து லீராய் என்ற ஊரில் விதைத் தொழில் செய்த கால்வின் கீனி, நார் குறைந்த செடிகளைத் தேடித் தேடி விதை எடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, நாரில்லாத வகைகளை உருவாக்கினார். இன்று நாம் அரிவாள்மனையில் வைத்து அப்படியே நறுக்கும் காய்களுக்கு அவர் தோட்டத்தில்தான் தொடக்கம்.

உங்கள் 12 அங்குலப் பைகளே போதும். பைக்கு மூன்று செடி. அதற்கு மேல் நெருக்க வேண்டாம். ஒரு செடி நன்றாக வந்தால் 100 முதல் 150 கிராம் காய் தரும். எட்டுப் பையில் 24 செடி. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஏழெட்டு வேளைப் பொரியலுக்கு வரும். மண் கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு போதும். நார்த்தூளை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேருங்கள். அதில் உப்பு இருக்கும்.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காய்கறிச் செடிகளில் உப்பைக் கொஞ்சமும் பொறுக்காதவற்றில் பீன்ஸ் முன்வரிசையில் நிற்கிறது. கத்தரியும் தக்காளியும் தாங்கும் போர்த் தண்ணீரில் பீன்ஸ் இலையின் ஓரம் காய்ந்து பழுப்பாகும், செடி குன்றும். உங்கள் வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைப் பைகளுக்கு ஊற்றுவதாக எழுதியிருந்தீர்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அது வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர். அதைப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பீன்ஸுக்கு வேண்டவே வேண்டாம். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீர் ஊற்றலாம். எல்லாவற்றையும்விட மழைத்தண்ணீர் உயர்ந்தது. ஐப்பசி அடைமழையில் மாடிக் குழாயிலிருந்து இரண்டு டிரம் பிடித்து, கொசு முட்டையிடாமல் வலைத்துணி கட்டி மூடி வையுங்கள். மழை நின்ற பிறகு, தையில் அந்தத் தண்ணீரின் அருமை தெரியும்.

விதை ஊன்றும்போது ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பாகல், புடலை விதைகளை ஊறவைத்து ஊன்றுவது போலப் பீன்ஸ் விதையை ராத்திரி முழுக்க ஊறவைக்காதீர்கள். மெல்லிய தோல் கொண்ட விதை அது. தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் வேகமாக உறிஞ்சி உப்பி, பருப்பிலே விரிசல் விழும். விரிசல் வழியே சத்து கசிய, மண்ணில் இருக்கும் பூஞ்சை உள்ளே புகுந்து அழுக வைத்துவிடும். அதற்குப் பதிலாக முந்தின நாள் மாலை பையை நன்றாக நனைத்து வடியவிடுங்கள். மறுநாள் ஈர மண்ணில் ஓர் அங்குல ஆழத்தில் காய்ந்த விதையை வைத்து, மேலே பொலபொலவென்ற மண்ணால் மூடுங்கள். முளை வெளியே வரும்வரை தண்ணீர் ஊற்றாமல் இருப்பது நல்லது. மேல்மண் ரொம்பக் காய்ந்தால் கையால் தெளித்தால் போதும். அந்த வாரத்தில் பெருமழை என்றால் பைகளைச் செங்கல் மேல் ஏற்றி, சன்ஷேடு அடியில் தள்ளி வையுங்கள். பீன்ஸ் விதை அழுகுவதற்கு இரண்டு நாள் தேங்கிய தண்ணீர் போதும்.

ஐந்தாவது, ஆறாவது நாள் காலையில் மாடிக்குப் போய்ப் பாருங்கள். முதலில் மண்ணில் ஒரு கீறல் தெரியும். பிறகு வெளிர்பச்சைத் தண்டு குடைக் கைப்பிடியைப் போல வளைந்து முதுகைக் காட்டும். விதையின் இரண்டு பருப்புகளும் இன்னும் மண்ணுக்குள்ளே இருக்கும். அந்த வளைவு நிமிரும்போதுதான் அவற்றை மேலே இழுத்துவரும். மேல்மண் இறுகிக் கிடந்தால் இழுக்கும் வேகத்தில் பருப்பு முறிந்து உள்ளேயே தங்கிவிடும், மொட்டைத் தண்டு மட்டும் வெளியே வரும். அப்படி வந்த கன்று தேறாது. பிடுங்கிவிட்டு வேறு விதை ஊன்றலாம். மேலே போடும் மண் இறுகக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். வளைந்து நிற்கும் கன்றை நகத்தால் நிமிர்த்தி உதவி செய்ய வேண்டாம். அது தானே நிமிர்ந்துகொள்ளும்.

முதல் மூன்று வாரம் கவனிக்க வேண்டியது தண்டு ஈ. கறுத்த, மிகச் சிறிய ஈ. கண்ணில் படுவதே கஷ்டம். முதல் ஜோடி இலையில் முட்டை வைக்கும். புழு இலைக்காம்பு வழியாகத் தண்டுக்குள் இறங்கி, மண்ணை ஒட்டிய இடத்தில் தோலுக்கடியில் தின்னும். வெளியே பார்த்தால் கன்று காரணமில்லாமல் மஞ்சளித்து வாடும். தண்டின் அடி வீங்கி வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தண்டு ஈதான். இதற்கு நல்ல முன்காப்பு, கன்று நான்கு விரல் உயரம் வந்ததும் தண்டைச் சுற்றி மண் அணைப்பது. அணைத்த மண்ணுக்குள் தண்டிலிருந்து புது வேர் விடும். அடித்தண்டில் கொஞ்சம் சேதம் ஏற்பட்டாலும் செடி அந்த வேரைக் கொண்டு பிழைத்துக்கொள்ளும். அதனால் ஊன்றும்போதே பையின் மேல்பக்கம் மூன்று அங்குலம் காலியாக விட்டு வையுங்கள்.

வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் பொறி ஒன்று கட்டுங்கள். அசுவினி நுனியில் அடை அடையாக ஒட்டினால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடித்தாலே பெரும்பகுதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள்.

உரத்தில் கைக்கட்டுப்பாடு வேண்டும். பயறு வகைச் செடிதானே, காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பார்கள். அந்தத் திறன் பீன்ஸில் மற்றப் பயறுகளைவிடக் குறைவு. அதனால் மண்ணில் நல்ல மக்கு உரம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் தழைச்சத்து அளவுக்கு மீறினால் இலையாகவே போகும். விதைத்த மூன்றாவது வாரம் பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், மொட்டு தெரியும்போது இன்னொரு கைப்பிடி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தத் தடவை நீங்கள் வாராவாரம் கொடுத்த மீன் அமிலம் இலையைத்தான் வளர்த்திருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் நேர்மாறு. பீன்ஸ் வேர் மேலாகத்தான் ஓடும். பை மண் சீக்கிரம் காயும். பூவெடுத்ததிலிருந்து காய் முற்றும்வரை ஒருநாள் வாடினாலும் பூவும் பிஞ்சும் கொட்டும். விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டாவிட்டால் உடனே ஊற்றுங்கள். காலையில், வேரடியில், இலை நனையாமல் ஊற்றுவது நல்லது. வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும்; மார்கழி வெயில் சாய்வாக விழும் என்பதால் பைகளைத் தென்பக்கம் மறைவில்லாத இடத்தில் வையுங்கள்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மழையோ பனியோ விழுந்து இலை ஈரமாக இருக்கும்போது செடியைத் தொடாதீர்கள். இலையடியில் செம்பழுப்புப் பொடியாகத் தெரியும் துரு நோய், காயில் குழிந்த கரும்பழுப்புப் புள்ளி விழும் ஆந்த்ராக்னோஸ், பாக்டீரியா கருகல் எல்லாமே ஈரத்தில்தான் பரவுகின்றன. ஈரச் செடியைத் தொட்ட கை அவற்றை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். மார்கழிக் காலையில் பனி காயும்வரை பொறுத்து, எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் மாடிக்குப் போனால் போதும்.

பூத்த பிறகு பொறுமை அதிகம் வேண்டியதில்லை. இதழ் வாடி, அதன் நடுவிலிருந்து நூல் கனத்தில் ஒரு பிஞ்சு நீளும்; வாடிய இதழ் அதன் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நாளில் காய் பறிப்புக்கு வந்துவிடும். ஒரு காயை வளைத்துப் பாருங்கள். ‘டக்’கென்று ஒடிந்து, ஒடிந்த இடத்தில் ஈரம் துளிர்த்தால் பக்குவம். ஒடியாமல் மடங்கினால் முற்றிவிட்டது. உள்ளே விதை புடைத்து வெளியே மேடு தெரியும்வரை விட்டுவைக்காதீர்கள். இங்கே மனம் இளகக் கூடாது. விதை முற்றத் தொடங்கிவிட்டால், செடி தன் வேலை முடிந்தது என்று பூப்பதை நிறுத்திக்கொள்ளும். இரண்டு நாளுக்கு ஒருமுறை, சின்னக் காயானாலும் பக்குவப்பட்டதைப் பறித்துவிட வேண்டும். ஒரு கையால் கிளையைப் பிடித்து மறு கையால் காம்பைக் கிள்ளுங்கள். வெறுமனே இழுத்தால் பூங்கொத்தே கையோடு வந்துவிடும்.

அன்று பறித்த பீன்ஸைப் பருப்பு உசிலிக்கு வேகவைத்துப் பாருங்கள். கடையில் வாங்கியதைவிடச் சீக்கிரம் வேகும், இனிப்பும் தெரியும். பறித்த மணியிலிருந்து காயிலுள்ள சர்க்கரையும் ஈரமும் குறைந்துகொண்டே வருகின்றன. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கோயம்பேடு வந்து, அங்கிருந்து உங்கள் தெருக்கடைக்கு வருவதற்குள் காய்க்கு நேர்வது இதுதான். மாடியிலிருந்து அடுப்படிக்கு வரும் காய்க்கு அந்த இழப்பு இல்லை. பிஞ்சாக இருக்கிறதே என்று பிள்ளைகளைப் பச்சையாக மெல்லவிட வேண்டாம். பீன்ஸில் வயிற்றைக் கெடுக்கும் ஒரு புரதம் உண்டு, நன்றாக வெந்தால் அது செயலிழந்துவிடும்.

விதைக்கு மட்டும் ஒரு செடியைத் தொடாமல் ஒதுக்குங்கள். நோயில்லாத, நன்றாகக் காய் பிடித்த செடியாக இருக்கட்டும். அதன் காய்கள் செடியிலேயே முற்றி, மஞ்சளித்து, காய்ந்து கலகலக்கும்வரை விட்டு உரித்தெடுங்கள். தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பூ என்பதால், பக்கத்துப் பையில் வேறு வகை நின்றாலும் கலப்பது அபூர்வம். தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும். விதையை நிழலில் நன்றாக உலர்த்தி, இறுக மூடும் பாட்டிலில் போட்டு, வகையின் பெயரையும் வருடத்தையும் எழுதி வையுங்கள். முதல் வருடம் இரண்டு மூன்று வகைகளைப் பிரித்து ஊன்றினால், உங்கள் மாடியின் சூட்டில் எது நன்றாகக் காய் பிடித்தது என்று தெரிந்துவிடும். அதன் விதைதான் அடுத்த கார்த்திகைக்கு உங்களுக்கு வேண்டிய விதை.

மாசி பாதியில் இரவு சூடேறத் தொடங்கியதும் செடிகளை அறுத்துவிடுங்கள். வேரை மண்ணிலேயே விட்டால் அங்கேயே மக்கும். அந்தப் பைகளில் காராமணியோ கொத்தவரையோ ஊன்றுங்கள். பீன்ஸ் பூ கருகி விழும் வெயிலில் அவை உற்சாகமாகக் காய்க்கும். எந்த மாதத்தில் எது மகிழ்ச்சியாக வளரும் என்று பார்த்துப் பையை மாற்றிக் கொடுத்துக்கொண்டே போனால், வீட்டுத்தோட்டத்தில் வருடம் முழுக்கக் காய் இருக்கும். ஒரே காயை வருடம் முழுக்கக் கட்டாயப்படுத்தினால் மருந்துச் செலவுதான் மிஞ்சும்.

இப்போது புரட்டாசி. உங்கள் கையில் ஏறத்தாழ இரண்டு மாதம் இருக்கிறது. பூ உதிர்ந்த செடிகளை இன்னும் வைத்துக் காத்திருக்க வேண்டாம். துண்டு துண்டாக நறுக்கி மக்க விடுங்கள். நார்த்தூளைக் கழுவி வையுங்கள். டிரம்மைத் துலக்கி மழைக்குத் தயாராக வையுங்கள். விதைக்கு இந்த மாதமே சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் கிடைத்ததை வாங்கும் நிலை வரக் கூடாது. கார்த்திகை பிறக்கும்வரை ஒரு விதைகூட ஊன்ற வேண்டாம்.

உங்களிடமும், இதைப் படித்துவிட்டுத் தங்கள் மாடியில் ஊன்றப்போகும் மற்றவர்களிடமும் ஓர் உதவி கேட்கிறேன். விதைத்த தேதி, வகையின் பெயர், முதல் பூ விரிந்த தேதி, முதல் காய் பறித்த தேதி, பூத்த வாரத்தில் செய்தித்தாளில் போட்டிருந்த குறைந்தபட்ச வெப்பநிலை ஆகிய ஐந்தையும் ஒரு அஞ்சலட்டையில் குறித்து அனுப்புங்கள். காய்க்காமல் போனாலும் அனுப்புங்கள். மலைக்காய்க்கு மலைக்கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். சமவெளி மாடிக்கான கணக்கை, ஊர் வாரியாக, நாம்தான் சேர்க்க வேண்டும். வரும் குறிப்புகளைத் தொகுத்து, அடுத்த ஐப்பசிக்குள் எல்லோருக்கும் பயன்படும்படி எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தோட்டப் பகுதி ஆசிரியர்